அண்ணையின் மிசினும் திறக்காத கேற்றும்

என் அண்ணையின் கடைசி ஆசையை இரண்டு பிளாஸ்ரிக் வாளிகளுக்கு விற்றவன் நான். ஒன்று பச்சை, மற்றது நீலம். இதைச் சொன்ன பிறகு என்னைப் பற்றி நல்லபடியாக நினைக்க உங்களுக்கு மனம் வராது என்று தெரியும். பரவாயில்லை. எங்கள் குடும்பத்தில் கலியாண வீடோ செத்த வீடோ, நாலு பேர் கூடினால் யாராவது ஒருவர் இந்தக் கதையை எடுத்துவிடுவார். அவர்கள் சொல்லும்போது என்னை முழு மொக்கனாக்கிச் சொல்கிறார்கள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். (நான் சொன்னாலும் மொக்கன்தான். ஆனால் அளவான மொக்கன்.)

அண்ணையின் பெயர் மணியம். இணுவிலில் 'வெல்டிங் மணியம்' என்றால்தான் தெரியும். எனக்கு எட்டு வயது மூத்தவர். வளவின் பின்பக்கம் ஒரு தகரக் கொட்டில் போட்டு, கேற்றும் ஜன்னல் கம்பியும் ஒட்டிக்கொண்டிருந்தார். சண்டைக் காலத்தில் குடாநாடு முழுக்க மின்சாரம் நின்றுபோனது. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, வருடக் கணக்காக. வேறு வெல்டிங்காரர் என்றால் வெங்காயம் நடப் போயிருப்பார்கள். அண்ணை, மின்சாரம் இல்லாமல் ஒட்டுகிற ஒரு மிசினைச் செய்தார்.

தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மண்ணெண்ணெய் எஞ்சின் ஒன்று. அது சுழற்றுவதற்குப் பழைய லொறிகளில் கழற்றிய இரண்டு டைனமோக்கள். இவை மட்டும்தான் வெளியிலிருந்து வந்தவை. மிச்சமெல்லாம் எங்கள் வீட்டில் களவு போனவை. அடிச்சட்டம், அம்மாவின் இரும்புக் கட்டில். (அம்மா அதன்பிறகு பாயில்தான் படுத்தார். "முதுகுக்கு நல்லதெணை" என்றார் அண்ணை.) எண்ணெய்த் தொட்டி, குசினியில் சீனி போட்டு வைத்திருந்த பால்மா ரின். கரண்டைக் கூட்டிக் குறைக்கும் திருகு, அப்பாவின் செத்துப்போன றேடியோவினுடையது. தள்ளிக்கொண்டு போக ஒரு பிடி வேண்டுமென்று என் சைக்கிளின் ஹாண்டிலைக் கழற்றிப் பூட்டினார். ஹாண்டில் இல்லாத சைக்கிளில் ரியூசனுக்கு எப்படிப் போவது என்று நான் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். (ஒருவரும் இல்லாத நேரம் பார்த்துக் குசினிக்குள் போய்ச் சாப்பிட்டேன். அதையும் சொல்லத்தானே வேண்டும்.)

அந்த எஞ்சினைக் கிளப்பப் பெற்றோல் சில துளி விடவேண்டும். ஓடத் தொடங்கியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடலாம். அந்தக் காலத்தில் பெற்றோல் மருந்துக்கும் கிடையாது. துளித்துளியாக விடுவதற்கு அண்ணை பொருத்தியது, தன் கைக்குழந்தை தர்சினியின் கண்ணாடிச் சூப்பிப் போத்தில். பிள்ளை ஒரு பக்கம் அழும், மறுபக்கம் எஞ்சின் பெற்றோல் குடிக்கும். மச்சாள் திட்டுவார். (அண்ணையின் மனைவியை நான் மச்சாள் என்றுதான் கூப்பிடுவேன்.) ஆனாலும் அந்த மிசின்தான் எங்கள் எல்லோருக்கும் சோறு போட்டது. குருநகரிலிருந்து கடற்காரர் வள்ளத்து இரும்புகளைக் கொண்டுவந்து ஒட்டுவித்துக்கொண்டு போனார்கள். பின்னேரம் ஐந்து மணியானால் எவ்வளவு வேலை கிடந்தாலும் அண்ணை எஞ்சினை நிற்பாட்டிவிடுவார். "தம்பி படிக்கவேணும்" என்பார்.

பிறகு சண்டை கிட்ட வந்து, ஒரு மழை நாளில் எங்கள் வலிகாமப் பகுதி முழுவதும் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. சனம் பெட்டி, பாய், ஆடு என்று கொண்டுபோனது. அண்ணை மிசினைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதன்மேல் என் புத்தகக் கட்டு, நனையாமல் அவருடைய சறத்தால் சுற்றியிருந்தது. நெரிசலில் சனம் ஏசியது. "உயிரைக் காப்பாத்த ஓடுற நேரத்திலை உந்தக் கறள் பிடிச்ச இரும்பை ஏன் இழுக்கிறாய்?" எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இவர் யாரோ நான் யாரோ என்பதுபோல் பத்தடி முன்னால் நடந்தேன். வழி முழுக்க ஒருதரமும் ஒரு கை கொடுக்கவில்லை. அந்தப் புத்தகங்களைப் படித்துத்தான் எனக்குக் கொழும்பில் கந்தோர் வேலை கிடைத்தது.

மின்சாரம் வந்தது. அண்ணை புது வெல்டிங் மிசின் வாங்கினார். பழையது கொட்டிலின் மூலையில் சாக்குப் போர்த்திக்கொண்டு படுத்தது. பிறகு அண்ணைக்கு நெஞ்சு வருத்தம் வந்து வேலையையே விட்டுவிட்டார். புது மிசினைத் தொழில் பழகியவனுக்குக் கொடுத்தார். பழையதைக் கொடுக்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் எனக்கு ரெலிபோன் எடுத்தார். வீட்டுக் கேற் அவரே செய்தது. ஒற்றைக் கதவு, யானை முட்டினாலும் அசையாத பாரம். அதைத் தூணோடு பிணைக்கிற மேல் பிணைச்சல் உடைந்து, திறக்கும்போதெல்லாம் நிலத்தில் 'கறார்' என்று இழுபடுகிறதாம்.

"மச்சாள் ஒட்டித் தாங்கோ, ஒட்டித் தாங்கோ எண்டு ஒவ்வொரு நாளும் சொல்லுறா. நானும் நாளைக்கு, நாளைக்கு எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறன். பழைய மிசினாலை ஒட்டுவம் எண்டு பாக்கிறன் தம்பி. எனக்குக் கயிறு இழுத்து எஞ்சின் கிளப்பேலாது, டொக்ரர் விடமாட்டார். நீ ஒருக்கால் வந்திட்டுப் போவன். கயிறு இழுக்க மட்டும்."

"கரண்ட் இருக்கேக்கை உதேன் அண்ணை? கடையிலை சொன்னால் அஞ்சு நிமிசத்திலை வந்து ஒட்டிப்போட்டுப் போவாங்கள்" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்றார். பிறகு, கொழும்பில் மழையோ என்று கேட்டார். மூன்று மாதம் கழித்து அவர் செத்துப்போன செய்திக்குத்தான் நான் பஸ் ஏறினேன். கேற் 'கறார்' என்று இழுபட்டது. யாரும் கடையில் சொல்லியிருக்கவில்லை.

அண்ணைக்கு ஆண் பிள்ளை இல்லை. மகள் தர்சினி கனடாவில், விசாச் சிக்கலால் வர முடியாமல் வீடியோக் கோலில் அழுதுகொண்டிருந்தாள். மொட்டை அடித்துக் கொள்ளி வைத்தது நான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கீரிமலைக்குப் போய் அஸ்தி கரைக்கும் வரை இங்கேயே நிற்பது என்று முடிவு. என் மனைவி வசந்திக்கு லீவு இல்லை, கொழும்புக்குத் திரும்பிவிட்டாள். போகும்போது, "சும்மா இராமல் மச்சாளுக்கு ஏதும் உதவி செய்யுங்கோ" என்று சொன்னாள். எல்லாப் பிழையும் அந்தச் சொல்லில்தான் தொடங்கியது.

எட்டாம் நாள் 'செலவு' என்கிற படையலுக்குச் சமைக்க இடம் வேண்டும் என்று கொட்டிலை ஒதுக்கினேன். ஒழுங்கையில் பழைய இரும்புக்காரரின் லாண்ட்மாஸ்ரர் வண்டி கத்திக்கொண்டு வந்தது. பழைய இரும்பு, போத்தில், செத்த பற்றரி, எது கொடுத்தாலும் பிளாஸ்ரிக் சாமான் தருவார். நான் சாக்கு மூடின அந்தக் கறளைக் காட்டி, "இதையும் தூக்கிக்கொண்டு போங்கோ, புண்ணியமாய்ப் போகும்" என்றேன். என் சைக்கிள் ஹாண்டிலைக்கூட நான் அடையாளம் காணவில்லை. இரண்டு வாளி தந்தார். நல்ல வியாபாரம் என்று நினைத்தேன்.

பன்னிரண்டாம் நாள் காலை மச்சாள் கொட்டில் வாசலில் நின்றார். அண்ணை போன நாளிலிருந்து அவர் அழவில்லை. சமைத்தார், கூட்டினார், வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தார். அழ மட்டும் இல்லை. அதுதான் எல்லோருக்கும் பயம்.

"தம்பி, மிசின் எங்கை?"

"எந்த மிசின் மச்சாள்?"

"அவற்றை மிசின். உன்ரை அண்ணையின்ரை."

இருபத்தைந்து வருடம் கந்தோரில் இருந்தவனுக்கு, கோப்புத் தொலைந்தால் என்ன சொல்லவேண்டும் என்று தெரியும். "திருத்தக் குடுத்திருக்கிறன் மச்சாள்" என்றேன்.

பன்னிரண்டு நாளில் முதல்தடவையாக அவர் முகத்தில் ஏதோ ஒன்று அசைந்தது. "உண்மையாவோ தம்பி? உன்னட்டை எப்பிடிக் கேக்கிறதெண்டு நான் யோசிச்சுக்கொண்டிருந்தனான். கேற்றை நாளைக்கு ஒட்டித் தாறன், நாளைக்கு ஒட்டித் தாறன் எண்டு சொல்லிச் சொல்லியே போயிட்டார். அந்தியேட்டி வரைக்கும் அவர் இந்த வளவுக்குள்ளைதான் நிப்பார். அதுக்கு முதல் அவற்றை மிசினாலையே ஒட்டிப்போடவேணும். இல்லாட்டி அந்த மனிசன் மனக்குறையோடை போகும்." கிணற்றடியைப் பார்த்தார். "உந்த நீல வாளி எங்காலை?"

"கடையிலை... மலிவாய்க் கிடந்தது" என்றேன்.

பச்சை வாளியைத் தூக்கிக்கொண்டு அண்ணையின் சைக்கிளில் பறந்தேன். இரும்புக் கிடங்கு மானிப்பாய் றோட்டுப் பக்கம். மிசின் உடையாமல் இருந்தது. ஏனென்றால் அதன்மேல் ஒருவர் ஏறிக் குந்திக்கொண்டிருந்தார். கறுத்துத் தடித்த ஆள், கழுத்தில் செபமாலை, காலடியில் மீன் வாளி. சுத்தியலோடு நின்ற வேலையாளைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"இதிலை கை வைச்சியோ, முதல் என்னைத்தான் உடைக்கவேணும். இது மணியத்தாற்றை மிசின். என்ரை வள்ளத்து எஞ்சின் இருக்கிறது இது ஒட்டின சட்டத்திலை. இருபத்தெட்டு வருசம், ஒரு வெடிப்பு இல்லை! எந்த விசரன் இதைக் கொண்டந்து போட்டவன்?"

"ஆரெண்டு தெரியேல்லை" என்றேன் நான். "ஆனால் ஆரெண்டாலும் பெரிய விசரன்தான்."

அந்த நேரம் பார்த்து இரும்புக்காரர் உள்ளே இருந்து வந்து, "ஓ, ஐயா வாங்கோ! இவர்தான் தந்தவர்" என்றார்.

அந்த ஆள் என் மொட்டைத் தலையையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தார். மொட்டைக்கு அர்த்தம் விளங்கியதும் ஏசவில்லை. "நீர் மணியத்தாற்றை தம்பியாரோ?" என்று மட்டும் கேட்டார். அவர் பெயர் அன்ரன், குருநகர்; வள்ளத்துக்கு இரும்பு தேடி வந்தவர். அண்ணை போனதே அவருக்கு அப்போதுதான் தெரியும். மிசின்மேல் இருந்தபடியே சிலுவை போட்டுக்கொண்டார். இரும்புக்காரரோ, "குடுத்தது ரெண்டு வாளி, கொண்டந்தது ஒண்டு" என்று நின்றார். நீல வாளியில் மச்சாள் தண்ணீர் அள்ளிக்கொண்டிருக்கிறார் என்று எப்படிச் சொல்வது? அன்ரன் தன் வாளியிலிருந்த மீனை உரப்பையில் கொட்டிவிட்டு வாளியை அவர் முன்னால் வைத்தார். அண்ணையின் மிசினை மீட்டது அந்தக் கவிச்சி வாளிதான்.

அடுத்த இரண்டு கிழமையும் அன்ரன் கடலால் வந்து, ஒரு முழுக்குப் போட்டுவிட்டு எங்கள் கொட்டிலுக்கு வந்தார். எஞ்சின் அவருக்குத் தெரியும். வெல்டிங் தெரியாது. எனக்கு இரண்டும் தெரியாது. ஒரு டைனமோவுக்குள் பிள்ளைத்தாய்ச்சி அணில் ஒன்று வீடு கட்டியிருந்தது. மற்றதன் கம்பி எரிந்திருந்தது, திரும்பச் சுற்றக் கொடுத்தோம். உள்ளே கரித்துண்டு தேய்ந்துபோயிருந்தது. அன்ரன் செத்த ரோர்ச் பற்றரிகளை உடைத்து, நடுவில் இருந்த கரிக்குச்சியை அரத்தால் தேய்த்துப் பொருத்தினார். "அந்த நாளிலை மணியத்தார் இப்பிடித்தான் செய்தவர். கடையிலை வாங்கிப் போட்டால் உவருக்குக் கோபம் வரும்" என்றார். செத்துப்போன மனிதரைப் பற்றி, பக்கத்தில் நிற்கிறவர்போலக் கதைப்பார்.

சூப்பிப் போத்தில் பத்திரமாக இருந்தது. றப்பர் மட்டும் உக்கிவிட்டது. மருந்துக் கடைக்குப் போய்ச் சூப்பி றப்பர் கேட்டேன். அங்கே நின்ற பிள்ளை, "குழந்தைக்கு எத்தினை மாதம் ஐயா?" என்றாள். "முப்பது வருசம்" என்றேன். அவள் என் மொட்டையைப் பார்த்துவிட்டு வேறு கேள்வி கேட்காமல் கட்டித் தந்தாள்.

பிறகு கயிறு இழுக்கும் படலம். எஞ்சினின் சில்லில் கயிற்றைச் சுற்றி ஒரே இழுவையாக இழுக்கவேண்டும். முதல் நாள் நாற்பது தடவை இழுத்தேன். நாற்பத்தோராவது இழுவையில் கயிறு அறுந்து, நான் வாழைப் பாத்திக்குள் மல்லாக்க விழுந்தேன். வீடியோக் கோலில் பார்த்துக்கொண்டிருந்த தர்சினி பதறி, "சித்தப்பா! உயிரோடை இருக்கிறியளோ?" என்றாள். சேற்றுக்குள் கிடந்தபடி எனக்கு அண்ணையின் ரெலிபோன் ஞாபகம் வந்தது. கயிறு இழுக்க மட்டும், என்று கேட்டவர். நான் எழும்பவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன். இளைக்கிறது என்று சொன்னேன்.

இருபத்தாறாம் நாள் அது கிளம்பியது. முதலில் ஒரு இருமல், பிறகு கறுத்தப் புகை, பிறகு 'டுப் டுப் டுப்' என்று வளவு அதிர்ந்தது. மச்சாள் மாப்பிசைந்த கையோடு குசினி வாசலுக்கு ஓடி வந்தார். கொட்டிலைப் பார்த்தார். அங்கே நானும் அன்ரனும்தான் நின்றோம். உள்ளே திரும்பிப் போனார். யாரைத் தேடி ஓடி வந்தார் என்று எனக்குத் தெரியும். அன்ரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சனியன் பிடிச்ச மண்ணெண்ணெய்ப் புகை" என்றார்.

கடையில் ஒரு வெல்டிங்காரரைக் கூப்பிடுவோம், மிசின் மட்டும் அண்ணையுடையதாக இருக்கட்டும் என்றேன். மச்சாள் ஒத்துக்கொள்ளவில்லை. "கொள்ளி வைச்சது நீ. நீதான் ஒட்டவேணும்" என்றார். நாலு நாள் பழகினேன். வெல்டிங் குச்சியை வைத்தால் அது இரும்போடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. பொறி பறந்து மொட்டைத் தலையில் விழுந்தது. கறுத்தக் கண்ணாடிக்குள்ளால் ஒன்றும் தெரியாததால் அதை விலக்கி விலக்கிப் பார்த்தேன். பார்க்கக் கூடாது என்று சொல்ல அங்கே வெல்டிங் தெரிந்தவர் யாரும் இல்லை.

முப்பதாம் நாள் பின்னேரம். கீரிமலைக்குப் போகும் வாடகை வான் வளவுக்குள் வந்துவிட்டது. விடிய வெள்ளென வெளிக்கிடவேண்டும் என்று சாரதி ரவியும் அன்ரனும் இங்கேயே தங்கினார்கள். கேற்றைச் சாத்தி, கல் வைத்து நிமிர்த்தினோம். தூணில் ஒரு தடித்த கம்பி நிற்கிறது. கேற்றோடு சேர்ந்த ஒரு குழாய் அந்தக் கம்பியில் செருகிச் சுற்றும். அதுதான் பிணைச்சல். உடைந்தது கேற்றுக்கும் குழாய்க்கும் நடுவில். நான் ஒட்டவேண்டியது அந்த இரண்டையும் மட்டும்.

எஞ்சின் ஓடியது. மச்சாள் கைகட்டி நின்று பார்த்தார். அன்றைக்கென்று குச்சி ஒட்டிப் பிடிக்கவில்லை. நெருப்பு அழகாக ஓடியது. எனக்கு அண்ணையே கையைப் பிடித்து நடத்துகிற மாதிரி இருந்தது. உடைந்த இடத்தை ஒட்டினேன். அண்ணைக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று அதன்மேல் இன்னொரு தரம் ஒட்டினேன். சுற்றிவரவும் ஒட்டினேன். "போதும் தம்பியார்" என்றார் அன்ரன். எனக்கெங்கே கேட்டது? கீழ்ப் பிணைச்சலும் கொஞ்சம் ஆடுவதுபோல் பட்டது. அதையும் ஒரு கை பார்த்தேன். நாலு குச்சி முடிந்தது. சூடாறும் வரை தொடவேண்டாம் என்று அப்படியே விட்டோம். மச்சாள் கிட்டப் போய், ஒட்டைப் பார்த்து, தலையை ஆட்டினார். "சொன்னபடி செய்துபோட்டார்" என்றார்.

விடியற்காலை நான் எழும்பியபோது இரண்டு கண்ணிலும் மிளகாய்த்தூள் கொட்டின மாதிரி எரிந்தது. வெல்டிங் வெளிச்சத்தை வெறுங்கண்ணால் பார்த்தால் வருகிற வருத்தம். கண் வீங்கிச் சிவந்து, தண்ணீர் தாரைதாரையாக ஓடியது. அந்த நேரம் வெளியில் வசந்தியின் குரல். கொழும்பு பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள்.

"இஞ்சாருங்கோ! கேற்றைத் திறவுங்கோ!"

கொழுக்கியை எடுத்துவிட்டு இழுத்தேன். கேற் அசையவில்லை. அன்ரனும் ரவியும் சேர்ந்து இழுத்தார்கள். மதில்தான் கொஞ்சம் ஆடியது. அலவாங்கு போட்டு நெம்பினோம், அலவாங்கு வளைந்தது. அன்ரன் ரோர்ச் அடித்துப் பார்த்தார். பார்த்துவிட்டுச் செபமாலையைப் பிடித்தார்.

"தம்பியார், நீர் குழாயையும் கம்பியையும் சேத்தெல்லோ ஒட்டிப்போட்டீர். மேலையும் கீழையும். இது இனிக் கேற் இல்லை. சுவர்."

இரும்பு வெட்டுகிற மிசின் முன்வீட்டில் இருந்தது. ஆனால் அன்றைக்குக் காலை ஊரில் கரண்ட் இல்லை. (கரண்ட் இல்லாத ஊரிலும் ஒட்டக்கூடிய மிசின் எங்களிடம் இருந்தது. வெட்டுவதற்குத்தான் ஒன்றும் இல்லை.) கைவாளால் அறுத்தோம். இரண்டு அலகு முறிந்தது. ஒட்டில் ஒரு கீறல்தான் விழுந்தது. "மணியத்தாற்றை மிசின் ஒட்டினால் ஒட்டினதுதான்" என்றார் அன்ரன். அந்த நேரத்திலும் அவருக்குப் பெருமை. கீரிமலையிலிருந்து ஐயர் ரெலிபோனுக்கு மேல் ரெலிபோன் எடுத்தார். வான் உள்ளே. வசந்தி வெளியே. அண்ணையின் அஸ்தி இருந்த மண்முட்டி, மாமரக் கொப்பில் கட்டியபடி.

வசந்தி இரண்டு ஓட்டோ பிடித்துக்கொண்டு வந்தாள். மதிலில் ஏணி சாத்தினோம். நான் மதில்மேல் குந்தியிருந்து, கண்ணீர் ஓட, ஒவ்வொன்றாக வாங்கி வசந்தியிடம் கொடுத்தேன். பூ, தேங்காய், பித்தளைச் செம்பு. கடைசியாக அன்ரன் முட்டியை நீட்டினார். அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். இவ்வளவு பெரிய மனிதர், இவ்வளவு பாரம் தள்ளினவர், ஒரு கைக்குள் அடங்கினார்.

பிறகு மச்சாள் ஏறினார். ஐம்பத்தைந்து வயது. மதில் உச்சியில் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மூச்சு வாங்கி, கீழே சாத்தியிருந்த கேற்றைப் பார்த்தார். என் மடியிலிருந்த முட்டியைப் பார்த்தார்.

"பாத்தியோ தம்பி" என்றார். "இந்த மனிசனுக்கு இஞ்சையிருந்து போக மனமில்லை."

சொல்லிவிட்டுச் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அது அழுகையாக மாறியது. முப்பத்தொரு நாளாக வராத அழுகை, மதில்மேல் இருந்து, ஒழுங்கைச் சனமெல்லாம் பார்க்க, குரலெடுத்து வந்தது. வசந்தி வெளியே நின்று அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ரவி வானுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். வீடியோக் கோலில் தர்சினி, "சித்தப்பா, ஏன் உங்கடை கண் இப்பிடி வீங்கிக் கிடக்கு? இரவு முழுக்க அழுதனியளோ?" என்று கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை, இது வெல்டிங் கண்" என்றேன்.

கீரிமலையில் ஐயர் நேரம் போனதென்று ஏச வாயெடுத்தவர், என் கண்களைப் பார்த்துவிட்டு அடங்கிவிட்டார். "சகோதர பாசம் எண்டால் இதுதான்" என்று பக்கத்தில் நின்றவர்களுக்குச் சொன்னார். அண்ணையைக் கடலில் கரைத்துவிட்டு வந்து படியில் உட்கார்ந்தபோது, அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை.

"மச்சாள், அண்ணை என்னை வரச் சொன்னவர். கயிறு இழுக்க மட்டும் வா எண்டு கேட்டவர். நான் வரேல்லை. வந்திருந்தால் கேற்றை அவரே ஒட்டியிருப்பார்."

"தெரியும்" என்றார் மச்சாள். "நான் பக்கத்திலைதானே இருந்தனான். போனை வைச்சிட்டு, தம்பிக்குச் சோலி கூட, பாவம், எண்டு சொன்னவர்." கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வாளிக் கதையும் தெரியும். முன்வீட்டுக்காரி அண்டைக்கே சொல்லிப்போட்டா. நீ என்ன செய்யிறாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

நான் குனிந்து அழுதேன். அதற்கும் வெல்டிங் கண் என்றே பெயர் வைத்தார்கள். நல்லதாகப் போயிற்று.

மத்தியானம் திரும்பி வந்தபோது கரண்ட் வந்திருந்தது. அன்ரன் முன்வீட்டு வெட்டு மிசினை வாங்கி, வயரைக் கொழுவி, கேற்றடியில் குந்தினார். மச்சாள் மதிலால் ஏறி இறங்கி வந்து, அவருக்கும் கேற்றுக்கும் நடுவில் நின்றார்.

"கேற்றைத் தொடாதையுங்கோ. மதிலை உடையுங்கோ."

"அக்கா, ஒரு கால் மணித்தியாலத்திலை வெட்டிப்போடலாம்."

"மதிலைக் கட்டலாம் அன்ரன். அவர் ஒட்டித் தாறன் எண்டவர். ஒட்டித் தந்திட்டுப் போயிட்டார். அதை ஆரும் வெட்டேலாது."

வானை வெளியே எடுக்கவேண்டுமென்ற ஆத்திரத்தில் ரவிதான் முதல் அடி அடித்தான். கேற்றுக்குப் பக்கத்தில் ஒரு வான் போகுமளவுக்கு மதில் விழுந்தது. பிறகு அந்த இடைவெளியில் புதுக் கேற் போட்டோம். (கடையில் சொல்லி. ஐந்து நிமிடத்தில்.) பழையது பக்கத்தில் அப்படியே நிற்கிறது. தெரியாதவர்கள் வந்து அதைத் தள்ளிப் பார்ப்பார்கள். மச்சாள் உள்ளே இருந்து, "அங்காலை வாங்கோ, அது திறக்காது" என்பார். மிசின் கொட்டிலில் இருக்கிறது. நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் கயிறு இழுத்துக் கிளப்பி, கொஞ்ச நேரம் ஓட விடுவேன். ஐந்து மணிக்கு நிற்பாட்டிவிடுவேன். எதையும் ஒட்ட என்னை அனுமதிப்பதில்லை.

ஒரு வருடம் முடிந்து, ஆட்டைத் திவசத்துக்குத் தர்சினி கனடாவிலிருந்து வந்தாள். வான் நின்றதும், புதுக் கேற் திறந்திருந்ததைப் பாராமல், நேரே பழைய கேற்றடிக்குப் போனாள். சின்ன வயதில் அதில் ஏறி ஆடினவள். ஒரு கையால் தள்ளினாள். பிறகு இரண்டு கையாலும் தள்ளினாள். பிணைச்சலில் கரப்பொத்தான் பூச்சிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கிற மாதிரி இருந்த என் ஒட்டைத் தடவிப் பார்த்தாள்.

"அம்மா, இதை வெட்டித் திறக்க விட்டிருக்கலாமெல்லோ?"

"நான் கேற்றை ஒட்டித் தாங்கோ எண்டுதான் அவரைக் கேட்டனான்" என்றார் மச்சாள். "திறக்கிற மாதிரி ஒட்டித் தாங்கோ எண்டு கேக்கேல்லை."

எல்லோரும் சிரித்தோம். வசந்தி சிரித்தாள், திவசத்துக்கு மீனில்லாமல் வெறுங்கையோடு வந்திருந்த அன்ரன் சிரித்தார், மச்சாளும் சிரித்தார். தர்சினி மட்டும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேற்றைப் பிடித்தபடி நின்றாள். நான் கிட்டப் போனேன். கண் இரண்டும் சிவந்து கிடந்தது.

"என்ன பிள்ளை?" என்று கேட்டேன்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "வெல்டிங் கண், சித்தப்பா."